கடைக்கு வராத படங்கள்: ஸ்ரீமுஷ்ணம் வட்டார வரைபடங்களின் பதிப்பு வரலாறு

நிலத் தகராறு தீரவில்லையா, ஒரு நடை ஸ்ரீமுஷ்ணம் போய்ப் பூவராகரைச் சேவித்துவிட்டு வா என்று சொல்வது எங்கள் பக்கத்தில் வழக்கம். பூமியைப் பாதாளத்திலிருந்து மீட்டவரிடம் பூமி வழக்கை ஒப்படைப்பதில் ஒரு நியாயம் இருக்கிறது. சன்னதியில் அர்ச்சனைத் தட்டோடு பட்டா நகலையும் புலப்படத்தையும் வைத்து வாங்கிக்கொண்டு போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தேங்காய், பழம், வெற்றிலைக்கு நடுவே நான்காய் மடித்த ஒரு வரைபடம். அந்தத் தாள் எங்கே பிறந்தது, யார் அளந்தது, எங்கே அச்சானது, எத்தனை பிரதி போட்டார்கள், யார் கைக்குப் போனது என்ற கேள்விகளைப் பின்தொடர்ந்ததில் விளைந்தது இந்தக் கட்டுரை.

விக்டோரியா ராணி காலத்து இங்கிலாந்தில் கடலோர ஊர்களின் வரைபடங்களுக்கென்றே ஒரு தனி வரலாறு உண்டு. ரயில் வந்ததும் பிரைட்டன், மார்கேட், பிளாக்பூல் போன்ற ஊர்களுக்கு விடுமுறைக் கூட்டம் பெருகியது. வந்தவர்களுக்குத் தங்கும் விடுதி எங்கே, பாலம் எங்கே, குளிக்கும் துறை எங்கே என்று காட்ட உள்ளூர் அச்சகத்தார் கையேடு போட்டார்கள். கையேட்டுக்குள் மடித்து ஒட்டிய வரைபடம் வைத்தார்கள். அரசாங்கத்தின் ஆர்டனன்ஸ் சர்வே அளந்த பெரிய அளவுத் தாள்களும் விலைக்குக் கிடைத்தன. ஒரே ஊருக்கு இருபது, முப்பது பதிப்புகள். ஒவ்வொன்றிலும் புதிதாக முளைத்த தெரு. அதனால்தான் அங்குள்ள உள்ளூர் வரலாற்றாசிரியர்கள் எந்த ஆண்டில் எந்த அச்சகம் எந்தப் படத்தை வெளியிட்டது என்று பட்டியல் போட்டு உட்கார முடிகிறது. நம் ஊருக்கு அப்படி ஒரு பட்டியல் போட்டால் என்ன தேறும்?

ஸ்ரீமுஷ்ணம் கடற்கரை ஊர் இல்லை. ஆனால் கடலோடு உறவுள்ள ஊர். மாசி மகத்தன்று இங்குள்ள பெருமாள் கிழக்கே புறப்பட்டுக் கிள்ளைக் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்குப் போகிறார். காக்கை பறக்கும் வழியில் ஏறத்தாழ 40 கிலோமீட்டர். கிள்ளை தைக்காலில் இஸ்லாமியப் பெருமக்கள் பெருமாளை எதிர்கொண்டு மரியாதை செய்வதும் அந்தப் பயணத்தின் ஒரு பகுதி. இந்த 40 கிலோமீட்டரை அளவுகோலாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு காலத்து வரைபடத்திலும் இந்தத் தூரம் எவ்வளவு நீளம் பிடிக்கிறது என்று பார்த்தாலே கதை பாதி விளங்கிவிடும்.

நிலத்தை அளந்து எழுதிவைப்பது தமிழ்நாட்டுக்குப் பழைய பழக்கம். முதலாம் இராசராசன் காலத்திலும் முதற் குலோத்துங்கன் காலத்திலும் நாடு அளக்கப்பட்டது. அளந்த அதிகாரிக்கு உலகளந்தான் என்றே பட்டம் இருந்தது. வேலி, மா, குழி என்று கணக்கு. செப்பேடுகளில் கொடைநிலத்தின் எல்லையைக் கிழக்கே தொடங்கித் தெற்கு, மேற்கு, வடக்கு என்று சுற்றிச் சொல்வார்கள். வாய்க்கால், கரை, மரம், புற்று எல்லாம் பெயரோடு வரும். பெண் யானையை நடத்தி எல்லையைச் சுற்றிவந்து, கல் நட்டு, கள்ளி நட்டார்கள். ஆனைமங்கலச் செப்பேட்டில் அந்த எல்லை நடை மிக விரிவாக இருக்கிறது. இவை கோடு போடாத வரைபடங்கள். கோயில் சுவரில் வெட்டியிருந்தால், படிக்கத் தெரிந்தவர் எவரும் நின்று படிக்கலாம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அச்சில் வந்த வரைபடம் என்று பார்த்தால் முதலில் வருவது கரைதான். 1690இல் ஆங்கிலேயர்கள் தேவனாம்பட்டினத்துக் கோட்டையைச் செஞ்சியிலிருந்த மராட்டியரிடம் விலைக்கு வாங்கியபோது, கோட்டையிலிருந்து சுடும் பீரங்கிக் குண்டு எவ்வளவு தூரம் போய் விழுகிறதோ அதுவரை உள்ள நிலமும் சேர்த்தி என்று ஒப்பந்தம். சென்னையிலிருந்து பெரிய பீரங்கியை வரவழைத்துச் சுட்டார்கள். அந்த வளையத்துக்குள் அகப்பட்ட ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்றே பெயர் நிலைத்தது. கடலூரின் முதல் நில அளவை வெடிமருந்தால் நடந்தது என்று சொன்னால் அது மிகையில்லை.

பிறகு வந்தது பிரெஞ்சு, ஆங்கிலப் போட்டி. போர் நடக்கும் இடத்தின் படம் ஐரோப்பாவில் நன்றாக விற்றது. டான்வில் என்ற வரைபடக் கலைஞர் 1752இல் பாரிஸில் இந்திய வரைபடம் வெளியிட்டார். பெலன் 1764இல் வெளியிட்ட சிறிய கடல்சார் வரைபடத் தொகுதியில் கூடலூர் எனப்பட்ட கடலூருக்குத் தனிப் படமே உண்டு. பெயர் கூத்லூர் என்று பிரெஞ்சு வாயில் புரண்டு கிடக்கும். ராபர்ட் ஓர்ம் 1763 முதல் லண்டனில் வெளியிட்ட போர் வரலாற்று நூலிலும் வரைபடங்கள் சேர்ந்தன. அந்நூலில் விருத்தாசலம் வெர்டாச்செலம் ஆகிவிடுகிறது. திருமுதுகுன்றம் என்ற தமிழ்ப் பெயர் விருத்தாசலம் என்று வடமொழியாகி, அது வெர்டாச்செலம் என்று லண்டனில் அச்சாகியது. திருமுட்டம் ஸ்ரீமுஷ்ணம் ஆன கதையும் அதே வழிதான். இந்தப் படங்களில் கரையோரம் நெருக்கமாக ஊர்ப் பெயர்கள் இருக்கும். கரையை விட்டு உள்ளே வரவர வெள்ளைத் தாள். கப்பல்காரனுக்கும் படைத்தளபதிக்கும் எது தேவையோ அதுவே அச்சேறியது.

உள்நாட்டை நிரப்பத் தொடங்கியவர்கள் பையன்கள். 1794இல் மைக்கேல் டாப்பிங் முயற்சியில் சென்னையில் ஒரு நில அளவைப் பள்ளி தொடங்கியது. இன்றைய கிண்டிப் பொறியியல் கல்லூரியின் வேர் அது. ஐரோப்பியத் தந்தைக்கும் இந்தியத் தாய்க்கும் பிறந்து ஆண் அனாதை இல்லத்தில் வளர்ந்த சிறுவர்களைச் சேர்த்து அளக்கவும் வரையவும் பழக்கினார்கள். காலின் மெக்கன்சியின் பெரிய அளவைப் பணிகளில் கால் தேய நடந்தவர்கள் அவர்களே. படத்தின் மூலையில் அவர்கள் பெயர் பெரும்பாலும் வராது.

1802 ஏப்ரலில் வில்லியம் லாம்ப்டன் பரங்கிமலை அருகே ஏழரை மைல் அடித்தளக் கோட்டை அளந்தார். உலகின் வடிவத்தையே அளக்கப் புறப்பட்ட மாபெரும் முக்கோண அளவையின் தொடக்கம் அது என்று பாடநூல்களில் படித்திருப்போம். அவர் அளந்த முதல் தீர்க்கரேகை வில்லின் தென்முனை நம் மாவட்டத்தில் இருக்கிறது என்பதைப் பாடநூல்கள் சொல்வதில்லை. கடலூருக்கு அருகே உள்ள திருவந்திபுரம்தான் அந்த இடம். அங்கே விண்மீன்களைப் பார்த்து அவர் கணித்த அட்சரேகை 11 பாகை 44 கலைக்குச் சற்று மேல். வடக்கே பாத்ரி என்ற நிலையம் வரை ஒன்றரைப் பாகைக்குச் சற்று அதிகமான தூரம். தேவநாதப் பெருமாள் கோயில் கொண்ட ஊரில் நின்று பூமி எவ்வளவு வளைந்திருக்கிறது என்று ஒருவர் கணக்குப் போட்டிருக்கிறார். அதன் அறிக்கை கல்கத்தா ஏசியாடிக் சொசைட்டியின் ஆய்வுத் தொகுதியில் அச்சானது. திருவந்திபுரத்தில் அதைப் படித்தவர் யாரும் இருந்திருக்க வாய்ப்பில்லை.

இந்த அளவைகளெல்லாம் லண்டனில் ஏரன் ஆரோஸ்மித் கைக்குப் போய், 1822இல் தென்னிந்திய வரைபடத் தொகுதியாக வந்தன. நான்கு மைலுக்கு ஓர் அங்குலம். அதன் பிறகு கும்பெனியாரின் இந்தியன் அட்லஸ். 1827 முதல் தாள் தாளாக வெளிவந்த இதையும் லண்டனில்தான் ஜான் வாக்கர் செம்புத் தகட்டில் செதுக்கினார். 1860களின் இறுதியில்தான் செதுக்கு வேலை கல்கத்தாவுக்கு வந்தது. அதாவது அளவை நம் வயலில், வரைவு சென்னையில், செதுக்கலும் அச்சும் தேம்ஸ் நதிக்கரையில். அச்சான தாள் மறுபடி கப்பலேறி இங்கே வரும். பெருமாளின் 40 கிலோமீட்டர் பயணம் இந்த அளவில் ஆறு அங்குலத்துக்குச் சற்று மேல். ஏழு நிலைக் கோபுரம் ஒரு புள்ளி.

தனியார் பதிப்பு என்று சொல்லத்தக்க ஒரு முயற்சி சென்னையில் நடந்தது. பாரோ கம்பெனி 1854இல் தென்னிந்திய வரைபடத் தொகுதியையும் 1855இல் தென்னிந்தியக் கெசட்டியரையும் வெளியிட்டது. முக்கிய நகரங்கள், தண்டு முகாம்கள் ஆகியவற்றின் தெருப் படங்களும் உண்டு என்பதே அதன் விளம்பரம். இங்கிலாந்துக் கடலோர ஊர் அச்சகத்தாருக்கு நெருங்கிய உறவினர் என்று நம் பக்கத்தில் யாரையாவது சொல்லவேண்டுமானால் இவர்களைத்தான் சொல்லலாம். ஆனால் வாங்கியவர்கள் துரைமார். படைப் பிரிவு எங்கே தங்கும், கலெக்டர் பங்களா எங்கே என்பது அவர்களுக்குத் தெரிந்தால் போதும். கோயில் குளமும் சந்தையும் தண்ணீர்ப் பந்தலும் அவர்களுக்கு எதற்கு?

இதுவரை சொன்னதெல்லாம் முன்னுரைதான். நம் வட்டாரத்தின் உண்மையான வரைபடப் பதிப்பு 1858க்குப் பிறகு தொடங்குகிறது. ரயத்துவாரி முறையில் ஒவ்வொரு குடியானவனும் அரசுக்கு நேரே வரி கட்டவேண்டும். அப்படியானால் ஒவ்வொரு வயலும் எண்ணோடும் பரப்போடும் தாளில் இருக்கவேண்டும். சென்னை மாகாண வருவாய் அளவை இந்தத் தேவையில் பிறந்தது. நம் வட்டாரம் அன்று அடங்கியிருந்த தென்னார்க்காட்டில் கிராமம் கிராமமாகச் சங்கிலி இழுத்தார்கள்.

அந்தச் சங்கிலியைக் கொஞ்சம் அருகில் பார்ப்போம். 66 அடி நீளம், 100 கண்ணி. ஒரு கண்ணி ஏறக்குறைய ஒரு சாண். நீளம் பத்துச் சங்கிலி, அகலம் ஒரு சங்கிலி என்றால் சரியாக ஓர் ஏக்கர். வயலின் ஒரு முனைக் கல்லிலிருந்து எதிர்முனைக் கல்லுக்கு மூலைவிட்டமாகச் சங்கிலியைப் போடுவார்கள். வரப்பு வளையும் இடத்திலெல்லாம் குறுக்குக் கோலை வைத்துச் செங்குத்தாக எத்தனை கண்ணி என்று அளந்து குறிப்பார்கள். இன்றைக்கும் புலப்படத்தை விரித்தால் ஏணிபோல் அடுக்கடுக்காக எண்கள் ஏறுவது அதனால்தான். அதற்குப் பெயரே லேடர். வயல் எல்லைக் கோடு எஃப் லைன், அளவைக்காகப் போட்ட முக்கோணக் கோடு ஜி லைன் என்று சர்வேயர்கள் பேசிக்கொள்வார்கள். சங்கிலியின் நீளம் பின்னாளில் மீட்டருக்கு மாறியதே ஒழிய முறை மாறவில்லை.

புலப்படங்களை ஒன்றோடொன்று ஒட்டிச் சேர்த்தால் கிராமப் படம். மைலுக்கு 16 அங்குலம் என்பது அதன் பழைய அளவு. பெருமாளின் பயணத்தை இந்த அளவில் போட்டால் 33 அடி நீளம் வேண்டும். பெருமாள் வீதி உலாவுக்கு விரிக்கிற பாவாடைபோல் தாளை விரிக்கவேண்டும். இங்கிலாந்தின் ஆர்டனன்ஸ் சர்வே தாள் மைலுக்கு 25 அங்குலம். அதற்கு அடுத்த படியில் நம் கிராமப் படம் நிற்கிறது. இது லேசான சாதனை இல்லை. தென்னார்க்காட்டின் குக்கிராமம் ஒன்றுக்குக்கூட அந்த நுணுக்கத்தில் படம் இருக்கிறது என்பது நாம் பெருமைப்பட வேண்டிய செய்தி.

பழைய கணக்குப்பிள்ளை வீடு ஒன்றில் அப்படிப்பட்ட படம் ஒன்றை விரித்துப் பார்த்தேன். துணி ஒட்டிய தாள். மடிப்பு விழுந்த இடங்களில் தாள் போய்த் துணி மட்டும் நிற்கிறது. கட்டம் கட்டமாக வயல்கள், ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். ஓடைக்கு இரட்டைக் கோடு, வண்டிப்பாதைக்குப் புள்ளிக் கோடு, கிணற்றுக்கு வட்டம், கோயிலுக்கு ஒரு குறி. நத்தம் ஒரே எண்ணுக்குள் அடங்கிக் கிடக்கிறது. அத்தனை வீடுகளும் அத்தனை மனிதர்களும் ஒரு வெற்றுப் பகுதி. வீட்டு மனைக்கு வரி இல்லையே, அதனால் தெருவை வரையவேண்டிய அவசியம் அவர்களுக்கு வரவில்லை. ஓரங்களில் பக்கத்துக் கிராமங்களின் பெயர்கள் எட்டிப்பார்க்கின்றன. மூன்று கிராம எல்லை கூடும் இடத்தில் கல்லின் குறி. யாரோ சிவப்பு மையில் உட்பிரிவுக் கோடுகளை இழுத்திருக்கிறார்கள். ஒவ்வொரு சிவப்புக் கோட்டுக்கும் பின்னால் ஒரு பாகப்பிரிவினை இருந்திருக்கும். அந்தப் படத்தை மடிக்கும்போது அந்த வீட்டுப் பெரியவர் இரண்டு கையாலும் ஏந்தி மடித்தார்.

இந்தப் படங்களை அச்சிட்டது சென்னை நில அளவை அலுவலகம். அச்சு முறைக்குப் போட்டோ சிங்கோ என்று பெயர். மையில் வரைந்த மூலப் படத்தைப் புகைப்படம் எடுப்பார்கள். ஒளி பட்டால் இறுகும் ஜெலட்டின் பூசிய தாளில் அந்தப் பிம்பத்தை இறக்கி, அதிலிருந்து துத்தநாகத் தகட்டுக்கு மாற்றி, தகட்டிலிருந்து அச்சிடுவார்கள். இங்கிலாந்தில் ஆர்டனன்ஸ் சர்வே 1860ஐ ஒட்டி உருவாக்கிய முறை சில ஆண்டுகளிலேயே இந்தியாவுக்கு வந்துவிட்டது. கல்கத்தாவில் வாட்டர்ஹவுஸ் என்ற அதிகாரி அதை வளர்த்தார். செம்பில் செதுக்க மாதக்கணக்கில் ஆகும். துத்தநாகத்துக்குச் சில நாட்கள் போதும். மாகாணம் முழுக்க ஆயிரக்கணக்கான கிராமங்களுக்குத் தனித்தனிப் படம் அச்சாக முடிந்ததே இந்த முறையால்தான். லண்டன் செதுக்குத் தகட்டை நம்பியிருந்தால் இன்னும் பாதிக் கிராமம் காத்துக்கொண்டிருக்கும்.

பதிப்பு வரலாறு தேடுகிறவருக்கு இந்த அலுவலகம் ஒரு நல்ல காரியம் செய்து வைத்திருக்கிறது. அக்காலப் படங்களின் அடியில் பொடி எழுத்தில் பதிவு எண், எத்தனை பிரதி, எந்த ஆண்டு, எந்த முறையில் அச்சு என்று பொறித்தார்கள். தமிழ்ப் புத்தகங்களில்கூட அரிதாகக் கிடைக்கும் தகவல் இது. அந்தப் பிரதி எண்ணிக்கையைப் பார்க்கும்போதுதான் விஷயம் உறைக்கிறது. கார்ஸ்டின் 1878இல் தொகுத்த தென்னார்க்காடு மாவட்டக் கையேடு, பிரான்சிஸ் 1906இல் எழுதிய கெசட்டியர் போன்ற நூல்களோடு சேர்ந்த படங்களுக்குச் சில நூறு பிரதி உண்டு. கிராமப் படத்துக்கோ கலெக்டர் கச்சேரிக்கு, தாலுகா கச்சேரிக்கு, கணக்குப்பிள்ளைக்கு என்று விரல் விட்டு எண்ணும்படி இருந்தால் போதும். மனுப்போட்டுக் கட்டணம் கட்டினால் நகல் கிடைக்கும், மறுக்கவில்லை. ஆனால் அது கடைக்கு வரவில்லை. திருவிழாக் கடையில் ராமாயணமும் பஞ்சாங்கமும் விற்ற அதே காலத்தில், அந்தத் திருவிழா நடக்கிற ஊரின் படம் தாலுகா கச்சேரி பீரோவில் பூட்டியிருந்தது.

மொழியும் ஒரு காரணம். அச்சான எழுத்து ஆங்கிலம். தமிழில் புவியியல் நூல் இல்லாமல் இல்லை. ரேனியஸ் பாதிரியார் பூமி சாஸ்திரம் எழுதி வெளியிட்டது 1832. பள்ளிப் பிள்ளைகளுக்கு ஜில்லா பூகோளங்கள் வந்தன. உலகத்தையும் ஜில்லாவையும் தமிழில் காட்டினார்கள், ஊரைக் காட்டவில்லை.

ரயில் ஒரு வாய்ப்பாக இருந்திருக்கலாம். தென்னிந்திய ரயில்வேக் கம்பெனிக்காக ஹிக்கின்பாதம்ஸ் 1900இல் படங்களோடு ஒரு வழிகாட்டி நூல் போட்டது. கடலூர், பரங்கிப்பேட்டை, சிதம்பரம் எல்லாம் ரயில் பாதையில் இருந்ததால் பயணியின் கண்ணில் பட்டன. ஸ்ரீமுஷ்ணத்துக்கு ரயில் வரவேயில்லை. இன்றும் விருத்தாசலத்தில் இறங்கித்தான் பேருந்து பிடிக்கவேண்டும். ரயில் தொடாத ஊரை வழிகாட்டி நூலும் தொடாது.

அப்படியானால் ஊர்க்காரர்களிடம் வரைபடமே இல்லையா? இருந்தது, வேறு உருவில். மாசி மக உற்சவப் பத்திரிகையை எடுத்துப் பாருங்கள். எந்த நாள், எந்த ஊர், எந்த மண்டபம், யார் மண்டகப்படி என்று வரிசையாக இருக்கும். மேற்கிலிருந்து கிழக்கே கடல் வரை ஊர்ப் பெயர்களை ஒழுங்காக அடுக்கிய வழிப்படம் அது. சாயம்போன மஞ்சள் தாளில் உள்ளூர் அச்சகத்தில் அடித்து வீடு வீடாகக் கொடுப்பது. செப்பேட்டு எல்லை நடையின் நேர் வாரிசு என்று இதைத்தான் சொல்வேன். தல புராணச் சிறு நூல்களில் பிராகாரமும் புஷ்கரணியும் காட்டும் கோட்டுப் படங்களையும் இதோடு சேர்க்கவேண்டும். எந்த நூலகமும் இவற்றை வரைபடம் என்று பட்டியலில் சேர்ப்பதில்லை.

சுதந்திரத்துக்குப் பிறகு நிலைமை சில வகையில் இறுகியது. இந்திய நில அளவைத் துறையின் தாள்களில் ஸ்ரீமுஷ்ணம் இருக்கும் தாளின் எண் 58 எம்/7. அதற்குக் கிழக்கே 58 எம்/11, அதற்கும் கிழக்கே 58 எம்/15. பெருமாள் ஊரிலிருந்து கிளம்பிக் கடலில் நீராடும் வரை மூன்று தாள் கடக்கிறார். ஐம்பதாயிரத்துக்கு ஒன்று என்ற அளவில் 80 சென்டிமீட்டர். ஆறும் ஏரியும் சதுப்பும் மேடும் காட்டும் அருமையான தாள்கள். ஆனால் கடற்கரையிலிருந்து ஏறத்தாழ 80 கிலோமீட்டர் வரையான பகுதியின் தாள்களைப் பாதுகாப்புக் காரணம் சொல்லிப் பொதுமக்களுக்கு விற்காமல் வைத்திருந்தார்கள். மூன்று தாளும் அந்தப் பட்டைக்குள். இதே நிலத்தை அமெரிக்க ராணுவ வரைபடப் பிரிவு 1950களில் இரண்டரை லட்சத்துக்கு ஒன்று என்ற அளவில் அச்சிட்டது. அந்தத் தாள்களை டெக்சாஸ் பல்கலைக்கழக நூலகம் இணையத்தில் எல்லாருக்கும் திறந்து வைத்தது. விருத்தாசலத்துப் பள்ளி ஆசிரியருக்குத் தன் ஊர்த் தாள் கிடைக்காது, டெக்சாஸ் மாணவருக்குக் கிடைக்கும் என்ற நிலை பல ஆண்டுகள் நீடித்தது. 2005 தேசிய வரைபடக் கொள்கை பொதுத் தாள், ராணுவத் தாள் என்று பிரித்துக் கதவைச் சற்றுத் திறந்தது. 2017இல் நக்ஷே இணையதளம் வந்தது. 2021 பிப்ரவரியில் வந்த புதிய வழிகாட்டுதல்கள் பெரும்பாலான கட்டுப்பாடுகளை நீக்கின.

இடைப்பட்ட காலத்தில் கொஞ்சமாவது பொதுவெளிக்கு வந்தவை மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் மாவட்டக் கையேடுகள். கிராமங்களுக்கு எண் போட்டுக் காட்டிய வட்டப் படங்கள் அவற்றில் உண்டு. 1961 கணக்கெடுப்பின்போது நம்பியார் மேற்பார்வையில் சென்னை மாநிலக் கோயில்களையும் திருவிழாக்களையும் தொகுத்த நூல் வரிசையையும் மறக்கக்கூடாது.

கிராமப் படத்தின் கதைக்கு வருவோம். 1923ஆம் ஆண்டு நில அளவை எல்லைச் சட்டம் அதற்கு வலுவான சட்டப் பின்னணி கொடுத்தது. 1979 முதல் 1987 வரை நடந்த, யுடிஆர் எனப்படும் நிலவுடைமை மேம்பாட்டுத் திட்டத்தில் பட்டாக்கள் திருத்தி எழுதப்பட்டன. அந்த யுடிஆர் காலத்துப் பிழைகளுக்காக இன்றும் மக்கள் அலைகிறார்கள். 1980இல் பரம்பரைக் கணக்குப்பிள்ளை முறை ஒழிந்தது. ஒழியவேண்டியதுதான். ஆனால் அந்த மாற்றத்தில் வீட்டுப் பெட்டிகளில் இருந்த பழைய படங்கள் எத்தனை கரையானுக்குப் போயின, எத்தனை அடுப்புக்குப் போயின என்று யாரும் கணக்கெடுக்கவில்லை.

இப்போது புலப்படத்தைக் கொலாப்லேண்ட் மென்பொருளில் ஏற்றி, அரசு இணையதளத்தில் எவரும் பார்க்கும்படி செய்திருக்கிறார்கள். மாவட்டம், வட்டம், கிராமம், புல எண் கொடுத்தால் படம் வருகிறது. இதை நான் மனமாரப் பாராட்டுகிறேன். நகலுக்காக மாதக்கணக்கில் நடந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். ஆனால் அங்கே வருவது இன்றைய நிலை. உட்பிரிவு ஆக ஆகப் பழையது மேலெழுதப்பட்டுவிடும். நூறாண்டுக்கு முந்தைய வாய்க்கால் எங்கே ஓடியது, எந்த ஏரி எந்தப் புல எண்ணில் இருந்தது, எது மேய்ச்சல் புறம்போக்கு, எது மந்தைவெளி என்று சொல்லக்கூடியது முதல் அளவையின் அச்சுப் படம் மட்டுமே.

இது ஏதோ பழம்பொருள் ஆர்வம் என்று எண்ணவேண்டாம். நெய்வேலியைப் பாருங்கள். 1956இல் நிறுவனம் தொடங்கி, பழுப்பு நிலக்கரிக்காகச் சுற்றிலும் நிலம் எடுத்தார்கள். ஊர் ஊராக இடம்பெயர்ந்தார்கள். அந்த ஊர்கள் இருந்த இடத்தில் இன்று நூறு மீட்டருக்கும் ஆழமான சுரங்கம். குலதெய்வக் கோயில் எங்கே இருந்தது, எந்தத் தெருவில் பாட்டன் பிறந்தான் என்று கேட்கும் பேரனுக்குக் காட்ட மண்ணில் ஒன்றும் மிச்சமில்லை. அந்தக் கிராமங்களின் படம் மட்டும் ஏதோ ஓர் அலமாரியில் இருக்கும். பூமியே போனபிறகு அதன் படம் ஒன்றுதான் பூமி.

இங்கிலாந்துத் தாள்களை ஸ்காட்லாந்து தேசிய நூலகம் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. ஸ்ரீமுஷ்ணம் சன்னதித் தெருவில் உட்கார்ந்துகொண்டு, விக்டோரியா காலத்து பிரைட்டன் நகரின் ஒவ்வொரு வீட்டையும் கைபேசியில் பார்த்துவிடலாம். அதே காலத்து ஸ்ரீமுஷ்ணத்தைப் பார்க்க மனுவெழுதிச் சேப்பாக்கத்துக்கும் எழும்பூருக்கும் அலையவேண்டும். சட்டத் தடை எதுவும் இல்லை: 1957 பதிப்புரிமைச் சட்டப்படி அரசு வெளியீட்டுக்கு வெளியான ஆண்டிலிருந்து 60 ஆண்டுதான் உரிமை. முதல் அளவையின் படங்கள் எப்போதோ பொதுச் சொத்தாகிவிட்டன. சேப்பாக்கத்து நில அளவை இயக்குநரகத்திலும் எழும்பூர் ஆவணக் காப்பகத்திலும் மாவட்ட அலுவலகங்களிலும் உள்ள பழைய கிராமப் படங்களை ஒளிப்படி எடுத்து, மாவட்ட வாரியாகப் பொதுவெளியில் வைப்பதை அரசு ஒரு தனித் திட்டமாகவே எடுத்துச் செய்யவேண்டும். அளந்தவன் கூலியும் அச்சுக் கூலியும் நம் முப்பாட்டன் கட்டிய நிலவரியிலிருந்து போனவை.

அரசு செய்யும்வரை நாம் செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது. வயலுக்கு எண் போட்டவர்கள் அதன் பெயரைத் தாளில் ஏற்றவில்லை. ஆலடிக் கொல்லை, கோயில் மேடு, பொன்னேரிப் பாய்ச்சல் என்ற மாதிரி ஒவ்வொரு வயலுக்கும் ஊரில் ஒரு பெயர் உண்டு. அது எண்பது வயதுக்காரர்களின் வாயில்தான் இருக்கிறது. செப்பேட்டில் பெயர் இருந்தது, படத்தில் எண் இருக்கிறது. இரண்டையும் ஒரே தாளில் சேர்த்தால் அது நம் ஊரின் முதல் முழுமையான வரைபடமாக இருக்கும். உங்கள் கிராமப் படத்தின் நகலைக் கட்டணம் கட்டி வாங்குங்கள். ஊர்ப் பெரியவர்களோடு உட்கார்ந்து ஒவ்வொரு எண்ணுக்கும் நேரே பெயரைத் தமிழில் எழுதுங்கள். எழுதிய படத்தில் ஒரு பிரதியை ஊர் நூலகத்தில் தேதி போட்டுக் கொடுத்துவிட்டு வாருங்கள்.